சரியக்கா மேற்பார்வையாளரான கதை

பழைய மேற்பார்வையாளர் இடுப்பு வலி என்று வேலையை விட்டுப் போனதும், அந்த நாற்காலிக்கு அடுத்து யார் என்று சலவை நிலையத்தில் இரண்டு வாரம் ஒரே பேச்சாக இருந்தது. எல்லாருடைய பெயரும் அடிபட்டது. மடிப்பு மேசையில் பத்தொன்பது வருடமாக நின்றுகொண்டிருந்த ஒருத்தியின் பெயரை மட்டும் யாரும் எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. அதனால்தான் மேனேஜர் ஒரு திங்கட்கிழமை கூப்பிட்டு, "நாளையிலேருந்து காலை ஷிப்ட்டை நீங்க பாத்துக்குங்க," என்றபோது, தனக்குப் பின்னால் வேறு யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தாள். கதவுதான் இருந்தது.

"சரி சார்," என்றாள்.

அவள் வாயிலிருந்து எந்த நேரமும் வந்துவிழும் சொல் அது. இந்த மூட்டையைக் கொஞ்சம் பிடி என்றால் சரி. என் பங்கையும் சேர்த்து மடித்துவிடு என்றாலும் சரி. அதனால் அவளுக்குச் சரியக்கா என்று பெயர் விழுந்து, அப்படியே ஒட்டிக்கொண்டது. பெயர் வைத்தவள் நெட்டை. மடிப்பு மேசையில் பத்தொன்பது வருடமும் அவளுக்கு எதிரே நின்றவள்.

பெரிய படுக்கை விரிப்பை ஓர் ஆளால் மடிக்க முடியாது. இரண்டு முனைகளை ஒருத்தியும் மற்ற இரண்டை இன்னொருத்தியும் பிடித்து இழுத்து, உதறி, பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். இயந்திரங்களின் இரைச்சலில் அந்தக் கிட்டே வருகிற நொடியில்தான் ஒருவர் சொல்வது இன்னொருவர் காதில் விழும். அப்படி விரிப்புக்கு ஒரு வாக்கியமாகப் பேசியே இரண்டு பேரும் தங்கள் கல்யாணம், பேறுகாலம், வீட்டுச் சண்டை அத்தனையையும் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வையாளர்கள் மூன்று பேர் வந்து போனார்கள். மூன்று பேரைப் போலவும் நெட்டை நடந்து காட்டுவாள், பேசிக் காட்டுவாள். சரியக்கா சிரித்துச் சிரித்து, மடித்ததைக் கலைத்து மறுபடி மடிப்பாள்.

பதவியோடு ஒரு சாவிக்கொத்தும், ஒரு கண்ணாடி அறையும், சக்கரம் வைத்த நாற்காலியும் வந்தன. தரை சற்றுச் சரிவாக இருந்ததால், உட்கார்ந்தால் நாற்காலி தானாகவே நகர்ந்து சுவரில் போய் முட்டும். கண்ணாடி வழியாக அவளுக்கு எல்லாரும் தெரிந்தார்கள். எல்லாருக்கும் அவளும் தெரிந்தாள். முதல் நாள் முழுக்க எப்படி உட்காருவது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் ஒரே பேனாவை நாலு தடவை துடைத்து வைத்தாள்.

இரண்டாம் நாளிலிருந்து விடுப்பு கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

அழுக்குத் துணியைப் பிரிக்கும் பகுதியில் இருந்தவருக்குத் திங்கட்கிழமை தோறும் பல்வலி வரும். ஒரே பல்லைச் சொன்னால் நம்பமாட்டார்கள் என்று வாரம் ஒரு பல்லாகச் சொல்வார். முப்பத்திரண்டு பல் எட்டு மாதத்துக்குத் தாங்கும் என்று சரியக்கா மனக்கணக்குப் போட்டுப் பார்த்தாள். டிரையர்காரருக்கு உடம்புக்கு எதுவும் வராது. ஆனால் அவருடைய சொந்தக்காரர்கள் ஓயாமல் வீடு மாறினார்கள். ஒவ்வொரு வீட்டுப் பீரோவையும் அவர்தான் தூக்க வேண்டும். இஸ்திரி உருளையில் அண்ணனும் தம்பியும் வேலை செய்தார்கள். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரே கல்யாணத்துக்குத் தனித்தனியே வந்து விடுப்பு கேட்டார்கள்.

"உங்க அண்ணன் ஏற்கெனவே கேட்டுட்டாரே. வீட்டுக்கு ஒருத்தர் போனா போதாதா?" என்றாள் தம்பியிடம்.

"அவன் மட்டும் போனா அங்க என்னைப் பத்தி என்ன சொல்லி வைப்பானோ, யாருக்குத் தெரியும்? நானும் போயாகணும்க்கா."

நியாயமாகத்தான் பட்டது. "சரி," என்றாள்.

ஒவ்வொரு 'சரி'யும் தனித்தனியே சின்னதாகத்தான் இருந்தது. எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது ஒரு புதன்கிழமை. பதினான்கு பேரில் ஆறு பேர் வரவில்லை. பத்து மணிக்குப் போக வேண்டிய மருத்துவமனை விரிப்புகள் கூடை கூடையாகக் குவிந்து கிடந்தன. சரியக்கா சாவிக்கொத்தை இடுப்பில் சொருகிக்கொண்டு மடிப்பு மேசையில் இறங்கினாள். கை பழகிய வேலை. மேலே இருந்த ஒரு வாரப் பாரமும் இறங்கியது போலிருந்தது. அந்த நேரம் பார்த்து மேனேஜர் வந்தார். கண்ணாடி அறை காலி.

"மடிக்கிறதுக்கா உங்களைப் போட்டேன்? நீங்க மடிச்சா, மத்தவங்க வர்றாங்களா இல்லையான்னு யார் பாக்குறது?"

"சரி சார்," என்றாள். அதற்கு அது பதிலே இல்லை என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

அவளை இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். குளிரூட்டிய கூடம், வழவழப்பான மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். கழுத்துப்பட்டை அணிந்த பயிற்சியாளர் ஒரு வித்தை சொல்லிக் கொடுத்தார். ஊழியரிடம் குறை சொல்ல வேண்டுமென்றால் முதலில் ஒரு பாராட்டு, நடுவில் குறை, கடைசியில் இன்னொரு பாராட்டு. சரியக்கா அதைக் குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடிட்டுக்கொண்டாள். திரும்பி வந்த அன்றே டிரையர்காரரைக் கூப்பிட்டாள்.

"உங்க அளவுக்குத் துணியைப் பதமா காயவைக்க இங்க யாருக்கும் வராது. ஆனா மாசத்துல நாலு நாள் லீவு போடறது அதிகம். மத்தபடி நீங்க இருக்கிறதே எனக்குப் பெரிய பலம்."

அவர் முகமெல்லாம் மலர்ந்து வெளியே போனார். தன்னைப் போலக் காயவைக்க ஆளில்லை, தானே இந்த இடத்தின் பலம் என்று அக்காவே சொல்லிவிட்டதாக மதியத்துக்குள் ஷிப்ட் முழுக்கச் சொல்லி முடித்தார். அந்த வெள்ளிக்கிழமை விடுப்பு கேட்டார். சித்தப்பா மகன் வீடு மாறுகிறானாம்.

இதற்கிடையில் நெட்டை தாமதமாக வர ஆரம்பித்திருந்தாள். ஏழு மணி ஷிப்ட்டுக்கு ஏழரை. சில நாள் ஏழே முக்கால். வருவாள், கண்ணாடி அறைப் பக்கம் பார்க்காமல் நேரே மேசைக்குப் போவாள். காரணம் சொல்வதில்லை, மன்னிப்பும் கேட்பதில்லை. சரியக்காவும் கேட்கவில்லை. பத்தொன்பது வருடம் எதிரே நின்றவளிடம் மணிக்கணக்குக் கேட்க நாக்கு எழவில்லை.

ஆனால் மற்றவர்களுக்குக் கண் இருந்தது. "எங்களுக்கு ஒரு சட்டம், அவங்களுக்கு ஒரு சட்டமாக்கா?" என்று பல்வலிக்காரரே கேட்டுவிட்டார். அவர் வாயிலிருந்து அது வந்ததுதான் சரியக்காவுக்குத் தாங்கவில்லை.

அதைவிடத் தாங்காத ஒன்றை அவள் மறுநாள் பார்த்தாள். தேநீர் இடைவேளை. கண்ணாடிக்கு அப்பால் எல்லாரும் வட்டமாக நிற்க, நடுவில் நெட்டை. கையில் ஒரு சாவிக்கொத்து இருப்பதாகப் பாவனை. அதை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, யார் மீதோ மோதிவிடுவோமோ என்கிற மாதிரி சின்னச் சின்ன அடியாக எடுத்து வைத்து நடந்தாள். தலையை ஆட்டி ஆட்டி எதையோ சொன்னாள். கண்ணாடிக்குள் சத்தம் வரவில்லை. வர வேண்டிய தேவையும் இல்லை. அண்ணனும் தம்பியும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பேச்சே இல்லாத அந்த இரண்டு பேரும்.

சரியக்கா குனிந்து பார்த்தாள். சாவிக்கொத்து இரண்டு கைக்குள்ளும் வயிற்றோடு ஒட்டி இருந்தது. முன்பிருந்த மூன்று மேற்பார்வையாளர்களும் இதே அறையிலிருந்து இப்படித்தான் பார்த்திருப்பார்களோ என்று அப்போதுதான் தோன்றியது.

வருடாந்தர மதிப்பீட்டுப் படிவங்கள் வந்தன. ஆளுக்கு ஒரு தாள், தாளுக்குப் பத்துக் கேள்வி, கேள்விக்கு ஐந்து மதிப்பெண். நேரம் தவறாமை, ஒத்துழைப்பு என்று போய், ஏழாவதாக 'முன்முயற்சி' என்று இருந்தது. விரிப்பு மடிப்பதில் முன்முயற்சி என்றால் என்ன? புது மாதிரி மடிப்பதா? அப்படி மடித்தால் திட்டு அல்லவா விழும்? அவள் யோசித்து யோசித்து, யார் மனமும் நோக வேண்டாம் என்று பதினான்கு பேருக்கும் எல்லாக் கேள்விக்கும் நான்கு போட்டுக் கொடுத்துவிட்டாள்.

மேனேஜர் படிவக் கட்டைத் தூக்கி மேசையில் போட்டார்.

"பதினாலு பேரும் ஒரே ஆளா? இதை மேலிடத்துக்கு அனுப்பினா, நான் ஒரே தாளை நகல் எடுத்து அனுப்பிட்டேன்னு நினைப்பாங்க. அந்த நெட்டையம்மாவுக்கு நேரம் தவறாமைக்கு நாலா? இருபத்துமூணு நாள் லேட்டு."

அவள் மேலே இருந்த தாளை எடுத்துப் பார்த்தாள்.

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். "நல்லவேளை, அவங்களைப் போடலை. முதல்ல அவங்களைத்தான் யோசிச்சேன். வேலை தெரிஞ்சவங்க. ஆனா எதைச் சொன்னாலும் ஏன்னு கேப்பாங்க. நீங்கன்னா ஒரு தொந்தரவும் இல்லை, எதுக்கும் சரின்னுடுவீங்க."

வழக்கமான சொல் அவள் தொண்டை வரை வந்து அங்கேயே நின்றது. படிவங்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அவள் கணவர் முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். இரண்டு நாற்காலிக் கடை, ஆனால் அவர் ஒருவர்தான் ஆள். அன்று சாயங்காலம் அவள் கடையின் இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். அவர் சீப்பைச் சுத்தம் செய்துகொண்டே கேட்டார்.

"சரி சொல்றவள்னு தெரிஞ்சுதான் உன்னைப் போட்டிருக்கார். அதுல உனக்கு என்ன வருத்தம்? ஊருக்கே தெரிஞ்ச விஷயமாச்சே."

"நல்லா வேலை செய்யறேன்னு போட்டாங்கன்னு நினைச்சேங்க."

அவர் சீப்பை வைத்துவிட்டார். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தார்.

"எனக்கு முதலாளியும் நான்தான், வேலைக்காரனும் நான்தான். அதுலயே தினமும் தகராறு. மத்தியானம் தூங்கணும்பான் ஒருத்தன், கூடாதும்பான் இன்னொருத்தன். பதினாலு பேரை வெச்சு மேய்க்கறதுக்கு நான் என்ன யோசனை சொல்ல முடியும்? ஆனா ஒண்ணு. பாக்காம போட்ட மார்க்குதானே திரும்பி வந்துது? பாத்துட்டுப் போடு."

அடுத்த நாலு நாள் அவள் அறையில் உட்காரவே இல்லை. மடிக்கவும் இல்லை. ஒவ்வொருவர் பக்கத்திலும் அரை மணி நேரம் நின்று பார்த்தாள். முதலில் எல்லாரும் கூச்சப்பட்டார்கள். பிறகு மறந்துவிட்டார்கள். பல்வலிக்காரர் அழுக்கு மூட்டையைப் பிரிக்கும்போது, மற்றவர்கள் கை பட்டால் குத்திவிடக்கூடிய மருத்துவமனை ஊசிகளை மூட்டையை அமுக்கிப் பார்த்தே கண்டுபிடித்து எடுத்தார். அதற்காக யாரும் அவருக்கு எந்த நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அண்ணன் உருளையில் கொடுக்கும் துணியைத் தம்பி மறுபுறம் வாங்கும் வேகத்தில், பேசிக்கொள்பவர்களிடம் கூட இல்லாத ஒழுங்கு இருந்தது. டிரையர்காரர் உண்மையிலேயே பதமாகத்தான் காயவைத்தார். வித்தைக்காகச் சொன்னது நிஜமாக இருந்ததில் அவளுக்கே கொஞ்சம் வெட்கம். ஆனால் அவருடைய இரண்டாவது டிரையரின் கதவு சரியாக மூடாமல், தினமும் அதை முழங்காலால் முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றார். சொந்தக்காரர் பீரோவுக்காக எடுத்தது எத்தனையோ, அந்தக் கால் வலிக்காக எடுத்த விடுப்பு எத்தனையோ.

பதினான்கு தாளையும் புதிதாக எழுதினாள். இந்த முறை இரண்டும் இருந்தது, ஐந்தும் இருந்தது. மேனேஜரிடம் கொடுப்பதற்கு முன் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு அவரவர் தாளைக் காட்டினாள். கடைசியாக நெட்டை வந்தாள். கதவருகிலேயே நின்றாள்.

"மேடம் கூப்பிட்டீங்களாமே?"

"மேடம் கீடம்னா உதைப்பேன். உள்ள வந்து உக்காரு."

"ஒரு நாற்காலிதானே இருக்கு."

"அதுலயே உக்காரு."

நெட்டை உட்கார்ந்தாள். நாற்காலி மெல்ல நகர்ந்து அவளைச் சுவரோரம் கொண்டுபோய் முட்டியது. வேறொரு நாளாக இருந்தால் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். சரியக்கா தாளை நீட்டினாள்.

"நேரம் தவறாமை, ரெண்டு," என்று நெட்டை வாய்விட்டுப் படித்தாள். "ரெண்டா?"

"இருபத்துமூணு நாள் லேட்டு. ஒண்ணுதான் போட்டிருக்கணும்."

"போட்டிருக்க வேண்டியதுதானே? யாரு கையைப் பிடிச்சா?"

"ஏன்டீ லேட்டா வர்றே? நான் கேக்கலைங்கிறதுக்காக நீ சொல்லவே மாட்டியா?"

நெட்டை தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குரலை இறக்கி ஆரம்பித்தாள்.

"உனக்கு முன்னாடி என்னைத்தான் அவர் கூப்பிட்டுக் கேட்டார். உங்களுக்குக் குடுத்தா பாத்துக்குவீங்களான்னு. பாத்துக்குவேன், ஆனா உருளைக்கு மேல ஒரு ஃபேன் போடுங்க, டிரையர் கதவை மாத்துங்க, ஏன் இத்தனை வருஷமா மாத்தலைன்னு கேட்டேன். யோசிச்சு சொல்றேன்னார். நான்தான் அவசரக்குடுக்கையாச்சே. வீட்டுல போய், வேலை கிடைச்சிருச்சுன்னே சொல்லிட்டேன்."

"அய்யோ. அப்புறம்?"

"அப்புறம் என்ன? மறுவாரம் உனக்குக் குடுத்துட்டாங்க. அதை வீட்டுல சொல்ல முடியலடீ. எங்க நாத்தனார் தெரு முழுக்கச் சொல்லி முடிச்சுட்டா. தினமும் சாயங்காலம் எல்லாரும் உக்காந்து, இன்னைக்கு மேற்பார்வை எப்படிப் போச்சுன்னு கேக்கறாங்க. நான் உன் கதையெல்லாம் என் கதைன்னு சொல்றேன். பல்வலிக்காரர், அண்ணன் தம்பி, எல்லாம். நல்லா சிரிக்கறாங்க."

சரியக்கா கையிலிருந்த மற்ற தாள்களைக் கீழே வைத்தாள்.

"காலையில முதல் பஸ்சுக்கு ஓடினா, விடமாட்டேங்கறாங்க. நீ இப்ப பெரிய ஆளு, இன்னும் எதுக்கு அரக்கப்பரக்க ஓடறே, உக்காந்து சாப்பிட்டுட்டுப் போன்னு எங்க வீட்டுக்காரரே தட்டு வெக்கறார். இத்தனை வருஷத்துல அந்த மனுஷன் எனக்குத் தட்டு வெச்சதே இல்லை. எப்படி எந்திரிச்சு வர்றது, நீயே சொல்லு."

சரியக்கா சுவரில் சாய்ந்துகொண்டாள். சிரிப்பு வந்தது. அதோடு கண்ணும் கலங்கியது.

"அப்போ ரெண்டு மாசமா என் வேலையை நீதான் பாத்திருக்கே."

"உன்னைவிட நல்லா பாத்திருக்கேன். எங்க வீட்டுல நான் பல்வலிக்காரருக்கு லீவே குடுக்கலை."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சிரித்தார்கள். வெளியிலிருந்து எல்லாரும் பார்த்தார்கள். பிறகு சரியக்கா சொன்னாள்.

"நான் பண்ணினதும் தப்புதான். உனக்குத்தான் வந்திருக்கணும்னு உள்ளுக்குள்ள தெரியும். உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பயமா இருந்துச்சு. ஆனா ரெண்டு ரெண்டுதான்டீ. மாத்த மாட்டேன்."

"மாத்தாதே. ஆனா முன்முயற்சிக்கு மூணு போட்டிருக்கியே, அது அநியாயம். இல்லாத பதவியை வீட்டுல நடத்திக் காட்டறேன், இதுக்கு மேல என்ன முன்முயற்சி வேணும் உனக்கு?"

அது நான்காக மாறியது. மறுநாள் நெட்டை ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வந்துவிட்டாள். புது மேனேஜர் ரொம்பக் கண்டிப்பு, மேற்பார்வையாளர்களுக்கும் நேரக் கட்டுப்பாடு வந்துவிட்டது என்று வீட்டில் சொல்லியிருந்தாளாம். தட்டு வைப்பது நிற்கவில்லை. அரை மணி முன்னதாக வைக்கிறாராம்.

படிவங்களைக் கொடுக்கப் போனபோது சரியக்கா ஒரு தனித் தாளும் கொண்டுபோனாள். உருளைக்கு மேல் ஃபேன், டிரையருக்குக் கதவு.

"இப்ப முடியாது, அடுத்த வருஷம் பாக்கலாம்," என்றார் மேனேஜர், அவள் பதிலை முன்கூட்டியே கேட்டுவிட்டவர் மாதிரி அடுத்த தாளைப் புரட்டிக்கொண்டு.

"ஏன் சார்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். சாவிக்கொத்தை எங்கே பிடிப்பதென்று தெரியாமல் அவர் மேசைமேலேயே வைத்துவிட்டாள். கதவு வந்தது, ஐந்து வாரம் கழித்து. ஃபேன் வரவில்லை. அதைப் பற்றி மாதம் ஒரு தடவை போய்க் கேட்கிறாள். அவரும் மாதம் ஒரு புதுக் காரணம் சொல்கிறார். விடுப்புக்குக் காரணம் சொல்பவர்களை அவள் இப்போது கொஞ்சம் மரியாதையோடுதான் பார்க்கிறாள்.

விடுப்புக்கு 'முடியாது' என்று சொல்லவும் பழகிக்கொண்டாள். முதல் தடவை சொன்னபோது பல்வலிக்காரர், தன் காதில்தான் கோளாறு என்று நினைத்து இன்னொரு தடவை கேட்டார்.

அந்த வருடக் கடைசியில் மதிய ஷிப்ட் மேற்பார்வையாளர் வேறு ஊருக்குப் போனார். சரியக்கா தானாகவே மேனேஜர் அறைக்குப் போய் நெட்டையின் பெயரைச் சொன்னாள். "ஏன்னு கேக்கற ஆள் ஒண்ணு போதாதா? ரெண்டா?" என்று அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் ஊசி குத்திய சம்பவம் ஒன்று மதிய ஷிப்ட்டில் நடந்து, மேலிடம் அவரைக் கேள்வி கேட்டிருந்த நேரம் அது. வேலை தெரிந்த ஆள் அவருக்கு வேண்டியிருந்தது. நெட்டைக்குக் கிடைத்தது. வீட்டில் போய்ச் சொல்ல முடியாத ஒரே வருத்தம்தான் அவளுக்கு. ஷிப்ட் மாறியிருக்கிறது என்று மட்டும் சொன்னாளாம்.

இப்போது இரண்டு பேரும் பகல் இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் சந்திக்கிறார்கள். அந்தப் பத்து நிமிடமும் சண்டை. காலை ஷிப்ட் கூடைகளை வழியில் விட்டுப் போகிறது என்பாள் நெட்டை. மதிய ஷிப்ட் சோப்புத்தூளைத் திறந்து போட்டுவிட்டுப் போகிறது என்பாள் சரியக்கா. அவரவர் ஆட்களை அவரவர் விட்டுக்கொடுப்பதில்லை. வீட்டுக் கதை பேச நேரமில்லை. நெட்டையின் மகளுக்கு வேலை கிடைத்த சேதி சரியக்காவுக்கு டிரையர்காரர் சொல்லித்தான் தெரிந்தது. அது அவளுக்கு இரண்டு நாள் உறுத்திக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் சக்கரம் உடைந்த ஒரு கூடை வண்டியைப் பற்றிப் பெரிய வாக்குவாதம். உடைத்தது யார் ஷிப்ட் என்று முடிவாகாமலே மணி இரண்டே கால் ஆகிவிட்டது. சரியக்கா வெடுக்கென்று கிளம்பி வந்து பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நாளைக்கு என்ன பதில் சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்தாள். வண்டியை நெட்டையின் ஆள்தான் சுவரில் மோதினான், சாட்சி இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு, மூச்சு விடாமல் அடுத்ததாக, மகளுக்கு எங்கே வேலை, எத்தனை மணிக்குப் போகிறாள், ஏன்டீ என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டுவிட வேண்டும். எதை முதலில் கேட்பது என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கியபோது, அவள் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டி இரண்டு நிறுத்தம் போயிருந்தது.